அப்பாவிடம் சொல்ல முடியாத கேள்விகள்

இந்த மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் போன மாதம் 'பையன்களும் எழுதலாம்' என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பெயர் இல்லாமல்தான் வந்திருக்கின்றன. அதில் தப்பே இல்லை, பெயர் எனக்குத் தேவையும் இல்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

19 வயது, நாமக்கல்: எனக்கு 14 வயதிலிருந்து கைப்பழக்கம் இருக்கிறது. உடம்பு ஒல்லி, கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறது. சில நாள் தூக்கத்திலேயே விந்து போய்விடுகிறது. காலையில் முக்கி மலம் கழிக்கும்போது வழுவழுவென்று வெள்ளையாக ஒரு சொட்டு வருகிறது. டிவி விளம்பரம் பார்த்து, லாட்ஜில் முகாம் போட்டிருந்த ஒரு வைத்தியரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்புத் தளர்ச்சி முற்றிவிட்டது, இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்றார். மூன்று மாத மருந்துக்கு 24,000 ரூபாய். நண்பனிடம் கடன் வாங்கி முதல் மாத லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் தேறுவேனா டாக்டர்?

முதலில் அந்த லேகியத்தை நிறுத்துங்கள், மீதிப் பணத்தையும் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் நோய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை தம்பி.

ஒருமுறை வெளியேறும் விந்து மிஞ்சிப்போனால் ஒரு டீஸ்பூன் அளவுதான் இருக்கும், 2 முதல் 5 மில்லி வரை. அதில் உயிரணுக்களின் பங்கு மிகவும் கொஞ்சம். மிச்சமெல்லாம் விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுகிற நீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம். நாற்பது துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து ஆகிறது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் வந்த கடிதங்களில் பாதியில் அந்தக் கணக்கு இருக்கிறது. ரத்தத்துக்கும் விந்துக்கும் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. வாயில் எச்சில் ஊறுவது மாதிரி அது பாட்டுக்கு ஊறிக்கொண்டே இருக்கும், சேர்ந்தது ஏதாவது ஒரு வழியில் வெளியே வரும். தூக்கத்தில் வருவதும் அதனால்தான். முக்கும்போது வருகிற சொட்டும் அந்தச் சுரப்பிகள் அழுந்துவதால் வருவது, தண்ணீர் நிறையக் குடித்து மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் குறைந்துவிடும். ஆனால் எரிச்சலோடு சீழ் மாதிரி வந்தால் அது வேறு விஷயம், அரசு மருத்துவமனையில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டுங்கள்.

சுயஇன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சுருங்காது, கன்னம் ஒட்டாது, பிள்ளை பிறக்காமலும் போகாது. விந்து போனால் உடம்பே போய்விடும் என்கிற இந்தப் பயம் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்றால், 1960-இல் டாக்டர் என்.என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று தனியாகப் பெயரே வைத்தார். உடம்பு வலி, அசதி, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் நிஜமாகவே இருக்கும், அந்தப் பையன் நடிக்கவில்லை, ஆனால் அதையெல்லாம் கொண்டுவருவது விந்து போனதல்ல, போய்விட்டதே என்கிற கவலை. அந்தக் கவலையைத்தான் உங்களிடம் 24,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். ஆண்மையைப் பெருக்குகிறேன் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருட மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் ராத்திரி 11 மணிக்கு மேல் டிவியைப் போட்டால் அதே முகங்கள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. நான் சொல்வது லேபிள் இல்லாத டப்பாவைப் பற்றி. இந்த மாதிரி மருந்துகளைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும், விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில் மாத்திரையைப் பொடித்துக் கலந்ததும் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன. சிறுநீரகம் போனால் அந்த வைத்தியரை எந்த லாட்ஜில் போய்த் தேடுவீர்கள்?

ஒல்லியாக இருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எடை குறைந்துகொண்டே போகிறதா என்று பாருங்கள், ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, நாள்பட்ட இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, இதெல்லாம் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்த்துவிடலாம். பழக்கம் எப்போது பிரச்சினை என்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணி வரை போனில் வீடியோ பார்த்துக் காலையில் எழ முடியவில்லை, படிப்பு போகிறது, நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை என்றால், அப்போது ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒரு அம்மா, திருவாரூர் மாவட்டம்: என் மகனுக்கு 14 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்தான், இரண்டு முறை வாந்தி எடுத்தான். சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் வலி குறைந்துவிட்டது என்றான். அதற்கு அடுத்த நாள் நடக்கவே முடியாமல் காலை அகட்டிக்கொண்டு வந்தபோதுதான் விதைப்பை வீங்கியிருப்பதைச் சொன்னான். ஆபரேஷன் செய்து ஒரு விதையை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரியே கூட்டிப் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? அவனுக்குக் குழந்தை பிறக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. பிறக்கும். ஒரு விதை நன்றாக இருந்தாலே போதும், மீசை தாடி வளர்வதற்கும் அதுவே போதும், பிள்ளை பெறுவதற்கும் அதுவே போதும். இருக்கிற விதையும் இதே போல முறுக்கிக்கொள்ளாதபடி தையல் போட்டு நிறுத்தியிருக்கிறார்களா என்று மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், வழக்கமாக அதே ஆபரேஷனில் செய்துவிடுவார்கள். செய்யாமல் விட்டிருந்தால் சீக்கிரம் செய்துகொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆமாம், அன்றைக்கே வந்திருந்தால் அநேகமாகக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அவன் உங்களிடம் வயிறு வலிக்கிறது என்றுதான் சொன்னான், வயிறு வலிக்கிறது என்கிற பிள்ளைக்கு எந்தத் தாயும் சீரகத் தண்ணீர்தான் கொடுப்பாள். இதில் உங்கள் மேல் குற்றம் இல்லை. அந்த வயதுப் பையன் தன் அம்மாவிடம் 'விதை வலிக்கிறது' என்று சொல்ல ஒரு வார்த்தைகூட நம் வீடுகளில் புழக்கத்தில் இல்லையே, அதைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

மற்ற பெற்றோருக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். விதை ஒரு தண்டில் தொங்குகிறது, அந்தத் தண்டுக்குள்தான் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இருக்கிறது. சில பையன்களுக்குப் பிறவியிலேயே விதை பையோடு சரியாகப் பிடிமானம் இல்லாமல் இருக்கும். அப்போது தண்டு முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்றுவிடும். 12-லிருந்து 18 வயதுக்குள்தான் இது அதிகம். விளையாடும்போது வரலாம், அடிபட்டு வரலாம், ஒன்றுமே செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் வரலாம். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகள் பிழைத்துக்கொள்ளும். 24 மணி நேரம் தாண்டிவிட்டால் பிழைப்பது அபூர்வம். உங்கள் மகனுக்கு மறுநாள் வலி குறைந்ததே, அது குணமானதால் அல்ல, விதை செத்துப்போனதால்.

அவசரப் பிரிவில் இந்தப் பையன்கள் எப்படி வருவார்கள் என்று பல முறை பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி, முகமெல்லாம் வியர்த்து, தொடை இரண்டும் உரசாமல் நடந்து வருவான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளுக்குக் கீழே பொதுவாக ஒரு இடத்தைக் காட்டுவான், கண் மட்டும் பக்கத்தில் நிற்கிற அப்பா பக்கம் போய் வரும். அப்பாவை ஒரு நிமிஷம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, 'கீழே வலிக்கிறதா தம்பி?' என்று கேட்டால்தான் தலையை ஆட்டுவான். ஆகவே பையன் திடீரென்று அடிவயிறு வலி, வாந்தி என்று சொன்னால் விதைப்பையிலும் வலி இருக்கிறதா என்று நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள். இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஸ்கேன் சென்டர் திறக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பட்டினியாகவே கூட்டிப்போங்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

15 வயது, சென்னை: எனக்குப் பெண்களுக்கு இருப்பது போல மார்பு வளர்கிறது. தொட்டால் வலிக்கிறது. கிளாசில் கிள்ளுகிறார்கள். வெயில் காலத்திலும் பனியனுக்கு மேல் பனியன் போட்டுக்கொண்டு போகிறேன். பி.டி. பீரியட் என்றாலே காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி, உன் கிளாசில் இருக்கிற பையன்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இது கொஞ்சமாவது இருக்கும், கிள்ளுகிறவனுக்கும் இருக்கலாம். வயதுக்கு வரும்போது ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் ஒரே சீராக ஏறுவதில்லை, நடுவில் கொஞ்ச காலம் தராசு சாய்ந்து நிற்கும், அப்போது காம்புக்குக் கீழே பொத்தான் மாதிரி கெட்டியாக, தொட்டால் வலிக்கும்படி ஒரு திசு வளரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் இருக்கலாம், அதுவும் சகஜம்தான். தடவுகிற எண்ணெய், மாத்திரை எதுவும் வாங்காதே.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? வேகமாகப் பெரிதானால், காம்பிலிருந்து நீர் வந்தால், விதையில் கட்டி தெரிந்தால், அல்லது வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால். 18 வயதுக்கு மேலும் அப்படியே நின்றுவிட்டால் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. கிள்ளுகிற விஷயத்தை உன் கிளாஸ் டீச்சரிடமோ வீட்டிலோ சொல்லியே ஆக வேண்டும். அது விளையாட்டு இல்லை, உன் உடம்பில் யாரும் உன் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

23 வயது, ஓசூர்: குளிக்கும்போது வலது விதையில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. வலி எதுவும் இல்லை, அதனால் பயப்பட வேண்டாம்தானே? இடது விதை வேறு கொஞ்சம் இறங்கித் தொங்குகிறது.

வலி இல்லை என்பதால்தான் உடனே காட்டச் சொல்கிறேன். வலிக்கிற வீக்கம் பெரும்பாலும் கிருமித் தொற்றாகவோ, மேலே சொன்ன முறுக்காகவோ இருக்கும். வலியில்லாமல் விதையோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கிற கட்டி, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டிய கட்டி. நம் நாட்டில் விதைப் புற்றுநோய் குறைவுதான், ஆனால் அது வருவதே பெரும்பாலும் 15-லிருந்து 35 வயதுக்குள். குழந்தையாக இருந்தபோது விதை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அதையும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள், அவ்வளவில் தெரிந்துவிடும். அப்படியே இருந்தாலும் முழுதாகக் குணமாகிற புற்றுநோய்களில் இது முன்னணியில் இருக்கிறது, உடம்பில் பரவிய பிறகும் கீமோ சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்து வைக்கவும் வசதி உண்டு. இந்த வாரமே யூராலஜி (சிறுநீர், ஆணுறுப்பு சார்ந்த) டாக்டரிடம் போங்கள்.

இடது பக்கம் இறங்கித் தொங்குவது முக்கால்வாசி ஆண்களுக்கு அப்படித்தான். அதற்கு மேலே கையில் புழுக்கூட்டம் நெளிவது போலத் தட்டுப்பட்டால் வெரிகோசில், ரத்தக் குழாய் புடைத்திருப்பது. நூற்றில் 15 ஆண்களுக்கு அது இருக்கும், பலருக்குச் சிகிச்சையே வேண்டாம். போகிற டாக்டரிடமே அதையும் கேட்டுவிடுங்கள்.

22 வயது, கோவை: ஜிம்மில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பவுடர் மட்டும் போதாது, ஒரு 'சைக்கிள்' ஊசி போட்டால் மூன்று மாதத்தில் கட் வந்துவிடும் என்கிறார் மாஸ்டர். போடலாமா?

போடாதீர்கள். அவர் சொல்கிற ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் அல்லது அதன் தம்பி, அண்ணன் யாராவது. வெளியிலிருந்து இந்த ஹார்மோன் கொட்டினால், ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது என்று மூளையில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி நினைத்துக்கொண்டு விதைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், உயிரணு உற்பத்தி நின்றுபோகும். ஊசியை நிறுத்திய பிறகு அது மறுபடி கிளம்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று வருகிற கட்டுமஸ்தான இளைஞர்களின் ரிப்போர்ட்டில் உயிரணு எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று வரும்போது, ஜிம்முக்குப் போவீர்களா என்று கேட்டால் பதில் வர நேரம் ஆகிறது. இது போக நல்ல கொழுப்பு குறைவது, ரத்தம் கெட்டியாவது, இதயம் தடிப்பது, முகமெல்லாம் பரு, காரணமில்லாத கோபம், நிறுத்தியதும் வருகிற மனச்சோர்வு. மேலே அந்தச் சென்னைப் பையன் எழுதியிருக்கிற மார்பு வளர்ச்சிகூட இந்த ஊசியால் வரும், அப்படி வந்தது எளிதில் போகாது.

புரதம் என்று எடுத்துக்கொண்டால், பளு தூக்குகிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் தாராளம். நீங்கள் 60 கிலோ என்றால் நாளைக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், வேகவைத்த கோழி நூறு கிராமில் 25 கிராமுக்கு மேல், காய்ந்த மீல் மேக்கர் நூறு கிராமில் 50 கிராம், கூடவே ஒரு கை நிலக்கடலை, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். கூட்டிப் பாருங்கள், பவுடர் இல்லாமலே வந்துவிடும். முடியாத நாளில் பவுடர் குடிப்பது பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் உணவுத் தரக் கட்டுப்பாட்டு உரிம எண்ணும் பில்லும் உள்ளதாக வாங்குங்கள், மாஸ்டர் பிரித்துப் பொட்டலம் கட்டித் தருவதை வாங்காதீர்கள். எட்டு மாதத்தில் வந்த உடம்பே நல்ல உடம்புதான். அதை அவசரப்படுத்தாதீர்கள்.

20 வயது, திருப்பூர்: தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கித் தடவினேன், இரண்டு நாளில் போய்விட்டது. விட்டதும் மறுபடி வருகிறது, இப்போது இடுப்பு வரை பரவிவிட்டது. வேறு ஏதாவது 'தப்பான' நோயா?

தப்பான நோய் இல்லை, படர்தாமரை. வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ், காயாத ஜட்டி மூன்றும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நின்று வேலை பார்க்கிற, பத்து மணி நேர ஷிப்டில் இருக்கிற பையன்கள் எல்லாருக்கும் வருகிறது. பிரச்சினை உங்கள் டியூபில் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், குளோபிட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு பெயர் இருக்கும். அது ஸ்டீராய்டு. அரிப்பை இரண்டே நாளில் அமுக்கிவிடும், பூஞ்சையைக் கொல்லாது, மாறாக அதற்கு வழி விட்டுக் கொடுக்கும். தொடர்ந்து தடவினால் தொடையில் தோல் மெலிந்து கோடு கோடாகக் கிழிந்த மாதிரி தழும்பு விழும், அது ஆயுளுக்கும் போகாது. முகப்பருவுக்கும் நிறத்துக்கும் இதே டியூபைத் தடவுகிற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோல் டாக்டரிடம் போங்கள். இப்போது வருகிற படர்தாமரை பிடிவாதமானது, நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் மருந்து வேண்டியிருக்கிறது. அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். துண்டையும் ஜட்டியையும் அறையில் யாரோடும் பகிராதீர்கள், வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். ரூம்மேட்டுக்கும் இருந்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுங்கள், இல்லாவிட்டால் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

21 வயது, ஊர் வேண்டாம்: என் உறுப்பு சிறியது. வீடியோவில் வருவதில் பாதிகூட இல்லை.

வீடியோவில் வருகிறவர்களை அதற்காகத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள், கேமரா கோணம் வேறு. 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், விறைத்த நிலையில் சராசரி 13 சென்டிமீட்டர்தான் வந்தது. சாதாரண நிலையில் இருக்கிற அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, குளிரிலும் பயத்திலும் யாருக்கும் சுருங்கும். பெரிதாக்கும் எண்ணெய், பம்ப் எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

16 வயது, இராமநாதபுரம்: முன்தோல் பின்னால் முழுதாகப் போகவில்லை. இழுத்தால் வலிக்கிறது.

வலிக்கும்படி இழுக்காதே தம்பி. பிறக்கும்போது எல்லாருக்கும் ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானாக விடும். உன் வயதில் இன்னும் இறுக்கமாக இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்கிற களிம்பைச் சில வாரம் தடவினாலே பலருக்குச் சரியாகிவிடும், எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. சிறுநீர் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்பினாலோ அடிக்கடி புண் வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டு. முக்கியமாக இதை நினைவில் வை: பின்னால் தள்ளிய தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு நுனி வீங்கினால் அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் விடுகிறவர்கள் தினமும் குளிக்கும்போது பின்னால் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு மறக்காமல் முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

24 வயது, தஞ்சாவூர்: பொன்னுக்கு வீங்கி வந்தது. ஒரு வாரத்தில் விதையும் வீங்கி வலிக்கிறது. நிச்சயம் ஆகியிருக்கிறது. இனிமேல் குழந்தை பிறக்காது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்தால் நான்கைந்து ஆண்களில் ஒருவருக்கு இப்படி ஆகும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், அந்த விதை பிறகு கொஞ்சம் சிறுத்துப்போகலாம், ஆனால் மலடாவது அபூர்வம். ஓய்வு, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை, டாக்டர் தரும் வலி மாத்திரை போதும். வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து ஒரு விந்துப் பரிசோதனை செய்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலி போடுவதில் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. அரசு இலவசமாகப் போடுகிற தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான், பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து எம்எம்ஆர் ஊசியைக் குழந்தைகளுக்குக் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. இதை அரசு இலவசப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

ஒரு அப்பா, விருதுநகர்: பையனுக்கு 12 வயது. இதையெல்லாம் எப்போது, எப்படிப் பேசுவது? என் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போதே. உட்காரவைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ய வேண்டாம், பைக்கில் போகும்போது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, முகத்தை முகம் பார்க்காத நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குரல் உடையும், முடி முளைக்கும், ஒரு நாள் காலையில் டவுசர் ஈரமாக இருக்கும், அது நோய் இல்லை, எனக்கும் அப்படித்தான் வந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விதை வலித்தால் நடுராத்திரி ஆனாலும் எழுப்பு என்று சொல்லுங்கள். பள்ளிக்கூட வாசல்களில் உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம் கைமாறுகிறது, தடை இருந்தும் கிடைக்கிறது, புதினா வாசனை அடிப்பதால் மிட்டாய் என்று நினைத்துத்தான் பையன்கள் தொடங்குகிறார்கள். அதையும் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

20 வயது கல்லூரி மாணவர்: என் ரூம்மேட் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கிளாசுக்கு வருவதில்லை. 'நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். போன வாரம் அவனுடைய ஹெட்போனையும் வாட்சையும் எனக்குக் கொடுத்துவிட்டான். காதல் தோல்வி, நாலு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள் மற்றவர்கள்.

இந்தக் கடிதத்துக்கு அச்சில் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் மின்னஞ்சலிலேயே அன்றே பதில் போட்டுவிட்டேன். இதே நிலைமையில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். நம் நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஆண்கள். அவர்களில் பலர் முன்கூட்டியே ஏதாவது ஒரு விதத்தில் சொல்லியிருப்பார்கள், சிரித்துக்கொண்டேகூட. பொருளைக் கொடுத்துவிடுவது அப்படிச் சொல்கிற ஒரு விதம்.

அவனிடம் நேராகவே கேளுங்கள், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது, யாராவது கேட்டார்களே என்கிற ஆறுதல்தான் வரும். அறிவுரை சொல்லாதீர்கள், அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்றும் சொல்லாதீர்கள், அவன் பேசட்டும். தோன்றுகிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அறையில் ஆபத்தான எதுவும் கைக்கெட்டும்படி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள், அவனால் முடியாவிட்டால் நீங்களே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். வார்டனுக்கும் அவன் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு காலை புறநோயாளிகள் நேரத்தில் திறந்திருக்கும், கூடவே போய் நீங்களே சீட்டு வாங்குங்கள். ராத்திரி நிலைமை மோசமானால் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம்.